மகனை நைரோபிக்கு அனுப்புவதா?

டொராண்டோ நகரின் மேற்குப் பகுதியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் வெளிப்படாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியும் சிலவற்றை விட்டும் அவருடைய கடிதத்தை முதலில் சுருக்கித் தருகிறேன்.

அவர் தமிழ்நாட்டின் கடலோர ஊர் ஒன்றில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். மேற்படிப்புக்காகக் கனடா வந்த இடத்தில் உடன் படித்த சோமாலியர் ஒருவரை மணந்துகொண்டார். கணவர் மொகடிஷுவில் பிறந்தவர். 1991 ஜனவரியில் சோமாலியாவின் சர்வாதிகாரி சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்து, தலைநகரம் ஆயுதக் குழுக்களின் போர்க்களமானபோது அவருக்கு வயது பத்து. தாய் தன் இரண்டு பிள்ளைகளோடு கென்யாவுக்குத் தப்பினார். விமானச் செலவுக்கு இருவருக்குத்தான் பணம் இருந்ததால், மூத்த மகளை நைரோபியில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, மகனோடு 1992இன் இறுதியில் டொராண்டோ வந்து சேர்ந்தார். அப்போது அந்த மகளுக்குப் பதினான்கு வயது. சில மாதங்களில் அவளையும் வரவழைத்துக்கொள்ளலாம் என்றிருந்தார். அது நடக்கவே இல்லை. அந்த மகள் இன்றும் நைரோபியில், சோமாலியர்கள் நெருக்கமாக வாழும் ஈஸ்ட்லி பகுதியில் தன் குடும்பத்தோடு இருக்கிறார்.

வாசகிக்குப் பதினைந்து வயதில் மகனும் பத்து வயதில் மகளும் இருக்கிறார்கள். மாமியார் உடன் வசிக்கிறார். மகனுக்குச் சோமாலி மொழி புரியும், ஆனால் பேசமாட்டான், தமிழும் அப்படியே. அண்மையில் பள்ளியில் சோமாலியப் பையன்கள் சிலர் அவனைப் ‘பாதி’ என்று சொல்லிக் கேலி செய்ய, அவன் ஒருவனை அடித்துவிட்டான். எட்டுப் பள்ளி நாட்கள் இடைநீக்கம். அன்றிரவு தந்தை கண்டித்தபோது அவன் சொன்னதை வாசகி அப்படியே எழுதியிருக்கிறார்: “நான் சோமாலியும் இல்லை, தமிழும் இல்லை, கனடியனும் இல்லை. எதுவாகவும் இருக்க எனக்கு விருப்பமும் இல்லை.”

அந்த இரவுக்குப் பிறகு கணவரும் மாமியாரும் அவனை ஓராண்டுக்கு நைரோபிக்கு அனுப்புவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அத்தை வீட்டில் தங்குவான் என்பது முதல் பேச்சு. பிறகு உறவினர் ஒருவர், ‘வழிதவறிய பிள்ளைகளைத் திருத்தும்’ உறைவிடப் பள்ளி ஒன்றின் விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப, அதுவும் பேச்சில் சேர்ந்துவிட்டது. வாசகி கேட்கிறார்: “தடுத்தால் ‘நீ சோமாலியப் பெண் இல்லை, உனக்கு இது புரியாது’ என்பார்கள். அனுப்பினால் மகன் என்னை மன்னிக்கமாட்டான். என் கையெழுத்து இல்லாமல் அவனை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பதும், இங்கே பிறந்தவன் என்பதால் ஏதாவது ஆனால் கனடா அரசு மீட்டுக்கொண்டு வந்துவிடும் என்பதும்தான் எனக்கு இருக்கும் தைரியம். வெளியே யாரிடமாவது உதவி கேட்டால் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. வீட்டில் மூன்று மொழி பேசி அவனைக் குழப்பியது நான்தானா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் குடும்ப ஆலோசகர், வழக்கறிஞர் அல்லர். ஆனால் இந்த நகரத்தில் புலம்பெயர்ந்த குடும்பங்களோடு நீண்ட காலம் பணிபுரிந்ததில், உங்கள் வீட்டில் இப்போது நடப்பதைப் போன்ற பேச்சு எத்தனையோ சோமாலியக் குடும்பங்களில் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையை வெறுத்து அனுப்பிய பெற்றோரை நான் சந்தித்ததில்லை. பிள்ளை கையைவிட்டுப் போகிறான் என்ற பயத்தில், தங்களுக்குத் தெரிந்த ஒரே மருந்தைத் தேடியவர்களைத்தான் சந்தித்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு: கீழே நான் எழுதப்போகும் சில செய்திகள் உங்கள் கணவருக்கு எதிரானவை போலத் தோன்றலாம். அவை அவருக்கு எதிரானவை அல்ல.

அவசரமானதை முன்னால் சொல்லிவிடுகிறேன்.

சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்

உங்கள் கையெழுத்து இல்லாமல் மகன் நாட்டைவிட்டுப் போக முடியாது என்று நீங்கள் நம்புவது, வருந்துகிறேன், சரியல்ல. இந்தியாவில் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி நிறுத்தி முத்திரை குத்துவது போன்ற ஏற்பாடு, கனடாவைவிட்டு வெளியேறும்போது இல்லை. பெற்றோரில் ஒருவருடன் மட்டும் பயணம் செய்யும் பிள்ளை மற்றவரின் ஒப்புதல் கடிதத்தை வைத்திருக்கும்படி அரசு அறிவுறுத்துகிறது. விமான நிறுவனமோ, போய் இறங்கும் நாட்டின் அதிகாரியோ அதைக் கேட்கவும் கூடும். ஆனால் அது பயணத்தை நிச்சயமாகத் தடுக்கும் பூட்டு அல்ல. கடவுச்சீட்டு ஏற்கெனவே கையில் இருந்தால், மகன் போய்விட முடியும்.

ஆகவே அந்தக் கடவுச்சீட்டு எங்கே இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்பதை இன்றே பாருங்கள். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் பொதுவாகப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டும். விண்ணப்பம் எதுவும் வந்தால் உங்களுக்குத் தெரியும்படி மகனின் பெயரைக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லியும் நீங்கள் கேட்கலாம். ஆனால் செல்லத்தக்க கடவுச்சீட்டு ஒன்று இருந்தால் அந்தப் பட்டியல் அதை முடக்காது. பதினாறு நிறைந்துவிட்டால் அவனே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம்.

தந்தை தனியாக முடிவெடுக்கலாம் என்ற எண்ணமும் உங்கள் கடிதத்தில் வரிகளுக்கிடையே ஒளிந்திருக்கிறது. நம் ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி, நீதிமன்ற ஆணையோ பிரிவு ஒப்பந்தமோ இல்லாத நிலையில், பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பு தாய்க்கும் தந்தைக்கும் சமமானது. நீங்கள் எந்த நாட்டில் பிறந்தீர்கள், எந்த மொழி பேசுகிறீர்கள் என்பதற்கு அதில் இடமே இல்லை. பேச்சு முற்றிலும் முறிந்து, பயணம் உறுதியாகிவிட்டது என்று தெரிந்தால், மகனை மாகாணத்தைவிட்டு வெளியே கொண்டுசெல்லக் கூடாது என்றும் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும் என்றும் ஆணை கேட்டு நீதிமன்றத்தை அணுகலாம். அவசர மனுவாகவும் கேட்கலாம். பதினைந்து வயதுப் பிள்ளையின் சொந்த விருப்பத்தை நீதிபதி கருத்தில் கொள்வார். அந்த வாசலைத் தட்ட வேண்டிய நிலை வராது என்றே நம்புகிறேன். இருந்தாலும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்டாரியோ வழக்கறிஞர் கழகத்தின் பரிந்துரைச் சேவை மூலம் முப்பது நிமிடம் வரை கட்டணமில்லாமல் குடும்பச் சட்ட வழக்கறிஞர் ஒருவரிடம் பேசலாம்.

கனடா அரசு மீட்டுக்கொண்டு வந்துவிடும் என்ற இரண்டாவது நம்பிக்கை இதைவிடப் பலவீனமானது. ஒரு நாட்டிலிருந்து முறைகேடாகக் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைகளைத் திரும்ப ஒப்படைக்க 1980இல் உருவான ஹேக் உடன்படிக்கையில் கனடா இருக்கிறது. கென்யாவும் சோமாலியாவும் இல்லை. நைரோபியில் கனடாவின் தூதரகம் உண்டு, மொகடிஷுவில் இல்லை. நைரோபியில் இருப்பவர்கள் உள்ளூர் அதிகாரிகளைத் தொடர்புகொள்வார்கள், வழக்கறிஞர் பட்டியல் தருவார்கள், அவசரப் பயண ஆவணம் வழங்குவார்கள். ஆனால் பூட்டிய கதவைத் திறந்து பிள்ளையை வெளியே அழைத்து வரும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. அதுவும், பிள்ளையை அங்கே விட்டவர் அவனுடைய தந்தையே என்னும்போது, உள்ளூர்க் காவலர் எத்தனை பேர் தலையிடுவார்கள் என்று எண்ணிப்பாருங்கள். அங்கிருந்து அவனை எல்லை கடந்து சோமாலியாவுக்குக் கொண்டுபோனால் நிலைமை இன்னும் இறுகும். சோமாலியச் சட்டம் தந்தைவழியாகக் குடியுரிமை தருவதால், அங்கே அவன் முதலில் சோமாலியனாகவே கருதப்படுவான்.

அத்தை வீடு வேறு, அந்தப் பள்ளி வேறு

சோமாலியக் குடும்பங்களில் ‘டகன் எலிஸ்’ என்று ஒரு சொல் உண்டு. பண்பாட்டுக்குத் திருப்பி அழைத்தல் என்று பொருள். அந்த ஒரே சொல்லுக்குள் மிகவும் வேறுபட்ட செயல்கள் அடங்கிவிடுவதுதான் சிக்கல். கோடை விடுமுறையில் பாட்டி வீட்டுக்குப் போய் ஒட்டகப் பால் குடித்து, உறவுமுறை தெரிந்து, மொழி கொஞ்சம் பழகி வரும் பிள்ளையையும் அப்படிச் சொல்வார்கள். முட்கம்பி வைத்த மதிலுக்குள் மாதக்கணக்கில் அடைக்கப்பட்ட பிள்ளையையும் அப்படித்தான் சொல்வார்கள். திருத்தும் பள்ளி என்றும் மறுவாழ்வு மையம் என்றும் பெயர் வைத்துக்கொண்டு நைரோபியிலும் சோமாலிய நகரங்களிலும் இயங்கும் சில இடங்களில், மேலை நாடுகளிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் சங்கிலியால் கட்டப்பட்டதும் அடிக்கப்பட்டதும் பலமுறை செய்தியாகியிருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை சோமாலியாவுக்கான பயண எச்சரிக்கையிலேயே இத்தகைய ‘பண்பாட்டு மறுவாழ்வு’ நிலையங்களைக் குறிப்பிட்டு, அவற்றில் முறையான உரிமமோ மேற்பார்வையோ இல்லை என்றும், உடல் துன்புறுத்தலும் விருப்பத்துக்கு மாறாக அடைத்துவைப்பதும் அடிக்கடி நடப்பதாகத் தகவல்கள் வருகின்றன என்றும் எழுதியிருக்கிறது.

வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் பள்ளி எத்தகையது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையின் கடவுச்சீட்டையும் கைப்பேசியையும் வாங்கி வைத்துக்கொள்ளும் இடம், பெற்றோர் அறிவிக்காமல் வந்து பார்க்க அனுமதிக்காத இடம், ‘முதல் மூன்று மாதம் பேச வேண்டாம், அழுவான்’ என்று சொல்லும் இடம் எதுவானாலும் அங்கே பிள்ளையை விடாதீர்கள். இந்த ஒன்றில் நான் இரண்டு பக்கமும் எடைபோடப் போவதில்லை. பள்ளி என்ற யோசனையை மட்டுமாவது முழுமையாகக் கைவிட வேண்டும் என்று கணவரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். மேலே சொன்னவற்றை அவர் தம் சமூகத்திலேயே, திரும்பி வந்த இளைஞர்களிடமே விசாரிக்கலாம்; அவர்கள் இந்த நகரத்தில்தான் இருக்கிறார்கள்.

அத்தை வீட்டுக்கு அனுப்புவது அப்படிப்பட்டதல்ல. அதில் அன்பு இருக்கிறது. ஆனால் உங்கள் மகனுடைய காயத்துக்கு அது மருந்தாகுமா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிற சோமாலியரை அங்கே ‘குர்பஜோக்’ என்பார்கள். அயல்நாட்டில் இருப்பவர் என்று பொருள். நடையிலேயே அவனைக் கண்டுபிடித்துவிடுவார்கள். டொராண்டோவில் ‘பாதி’ என்று அழைக்கப்பட்டதற்காகக் கை நீட்டிய பையன், தண்டனையாக அனுப்பப்பட்ட இடத்தில் வேறொரு பெயரால் அழைக்கப்படுவான். அங்கே ஓராண்டு பள்ளிப் பாடத்தையும் இழந்து திரும்பும்போது, இங்கே அவன் வகுப்பு அவனைவிட்டுப் போயிருக்கும்.

மாமியாரின் அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு

உங்கள் மாமியார் பழமைவாதி, பிடிவாதக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இந்த நாட்டில் கழித்த முதல் ஆண்டுகளை உங்களுக்கு யாரும் விளக்கவில்லை என்று நினைக்கிறேன். அகதியாக ஏற்கப்பட்டவர்களும் நிரந்தர வசிப்புரிமை பெறத் தங்கள் அரசு கொடுத்த அடையாள ஆவணத்தைக் காட்ட வேண்டும் என்று 1993இல் கனடாவின் குடிவரவுச் சட்டம் மாற்றப்பட்டது. சோமாலியாவில் அரசே இல்லை; ஆவணம் கொடுக்க அலுவலகமும் இல்லை. நீங்கள் அகதிதான், ஆனால் நீங்கள் யார் என்று நிரூபிக்கவில்லை என்று ஆயிரக்கணக்கானோர் நடுவில் நிறுத்தப்பட்டார்கள். அந்த நிலையில் இருந்தவரால் குடும்பத்தை வரவழைக்க முடியாது, வெளிநாடு போய்வர முடியாது, பிள்ளையின் உயர்கல்விக்கு அரசுக் கடனும் கிடையாது. 1997இல் இவர்களுக்கென்று தனி வகை ஒன்றை ஏற்படுத்தியபோதும், அகதி என்று ஏற்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும் என்றார்கள். அந்தக் காத்திருப்பு முடிந்தபோது நைரோபியில் இருந்த மகள் வரவழைப்பதற்கான வயதைக் கடந்துவிட்டாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காரணத்தை எழுதவில்லை, காரணம் இதுதான். (அதே 1993இல் பதினாறு வயதில் வந்த மொகடிஷுப் பையன் அகமது ஹுசேன் 2017இல் அதே குடிவரவுத் துறைக்கு அமைச்சரானார். இந்த நாட்டைப் பற்றி இரண்டு உண்மைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

நீங்கள் யார் என்று தெரியவில்லை என ஆண்டுக்கணக்கில் ஓர் அரசு சொல்லக் கேட்ட பெண், தன் பேரனே ‘நான் எதுவும் இல்லை’ என்று சொல்லக் கேட்டால் என்ன ஆவார்? அதோடு, இந்த நகரத்திலும் ஆல்பர்ட்டாவிலும் துப்பாக்கிக்கு மகன்களை இழந்த சோமாலியத் தாய்மார் பலரை அவர் அறிந்திருப்பார். அவர்களில் சிலர் அவருடைய பழைய அண்டை வீட்டாராகவும் இருந்திருக்கலாம். நைரோபி ஆபத்தானது என்று நீங்கள் சொல்லும்போது, டொராண்டோ அதைவிட ஆபத்தானது என்று அவர் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்னொன்றையும் தயக்கத்தோடு சொல்கிறேன். பேரனை அந்த மகளிடமே அனுப்ப நினைப்பதில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தீராத ஒரு கடனும் கலந்திருக்கக்கூடும். அப்படியானால் நைரோபிக்குப் போக வேண்டியவர்கள் பாட்டியும் தந்தையும்தான். தண்டனைக் காலமாக இல்லாமல், திரும்புவதற்கான பயணச்சீட்டோடு, நான்கு வாரக் கோடைப் பயணமாக, தந்தையும் பாட்டியும் தம் இரத்தத்தைப் பார்க்கப் போகும்போது மகனையும் உடன் வருகிறாயா என்று கேட்டால், அது முற்றிலும் வேறு பயணம். முடிந்தால் நீங்களும் போங்கள். கணவரிடம் வெறும் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்குப் பதில் இந்த யோசனையை நீங்கள் முன்வைத்துப் பாருங்கள்.

மூன்று மொழிகள் அவனைக் குழப்பவில்லை

வீட்டில் பல மொழி கேட்டு வளர்வதால் பிள்ளையின் மனம் குழம்புகிறது என்பதற்கு அடிப்படை இல்லை. வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று ஒரு காலத்தில் ஆசிரியர்கள் பெற்றோரிடம் நல்லெண்ணத்தோடு சொன்னதுண்டு. அது தவறான அறிவுரை. உளவியலாளர் ஜான் பெர்ரியும் அவருடைய குழுவினரும் 13 நாடுகளில், குடிபெயர்ந்த குடும்பங்களைச் சேர்ந்த 5,000க்கும் மேற்பட்ட இளையோரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரின் பண்பாட்டோடும் புதிய நாட்டோடும் ஒருசேர உறவு வைத்திருந்தவர்களே மனநலத்திலும் பள்ளி வாழ்விலும் மேலாக இருந்தார்கள். எதனோடும் ஒட்டாமல் நின்றவர்களே மிகவும் தடுமாறினார்கள். பாகுபாட்டை அதிகம் உணர்ந்த பிள்ளைகள் எல்லா வகையிலும் துன்புற்றார்கள் என்பதும் அந்த ஆய்வு காட்டியதே. உங்கள் மகனுக்குப் பண்பாடு கூடிவிட்டதும் இல்லை, குறைந்துவிட்டதும் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் யாரோ ஒருவர் நின்று, இது உன் வீடு அல்ல என்கிறார்.

அந்த வாசல்களில் ஒன்று நம்முடையது என்பதை நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். உங்கள் அண்ணன் வீட்டுத் திருமணத்தில் பெரியவர் ஒருவர் மகனின் தலைமுடியைத் தொட்டுச் சிரித்தார் என்றும், அதற்குப் பிறகு அவன் தமிழர் வீட்டு நிகழ்ச்சி எதற்கும் வரவில்லை என்றும் எழுதிவிட்டு, உடனே பள்ளிக்கூடச் சண்டைக்குப் போய்விட்டீர்கள். சகோதரி, அந்தச் சிரிப்பையும் அவன் கணக்கில் வைத்திருக்கிறான். கறுப்புத் தோலைப் பற்றி நம் வீடுகளில் சொல்லப்படும் சொற்களைப் பிள்ளைகள் எந்த மொழியிலும் புரிந்துகொள்வார்கள். நீங்கள் அன்று ஒன்றும் சொல்லாமல் இருந்ததற்கு நான் உங்களைக் குறை கூறவில்லை. ஆனால் அதை இன்னும் அவனிடம் பேசாமல் இருப்பது சரியல்ல. “அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை, அது என் தவறு” என்று அவனிடம் சொல்லுங்கள். அண்ணனிடமும் பேசுங்கள். இத்தனைக்கும் உங்கள் ஊரும் உங்கள் கணவரின் நாடும் இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒரே ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுபவை. தொழுகையில் கை கட்டும் முறைகூட ஒன்றே. மாமியார் சுடும் அன்ஜெரோவும் உங்கள் அம்மா சுடும் ஆப்பமும் ஒரு தட்டில் இருந்தால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. நீங்கள் மகளை ‘அம்மா’ என்று கூப்பிடுவதைப் போலவே உங்கள் மாமியாரும் பேரனை ‘அயேயோ’, அதாவது பாட்டி, என்று தன் உறவுப் பெயராலேயே கூப்பிடுவார். இரண்டு பக்கமும் அவனை ஒரே மாதிரிதான் கூப்பிடுகிறோம் என்பது அவனுக்குத் தெரியுமா?

பள்ளிக்கூடம்

இடைநீக்கம் பற்றித் தனியாக உங்களுக்கு உடனே எழுதிவிட்டேன். மற்றப் பெற்றோருக்காக இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்டாரியோவில் இடைநீக்கம் ஒரு நாளிலிருந்து இருபது பள்ளி நாட்கள் வரை இருக்கலாம். ஆறு நாட்களோ அதற்கு மேலோ என்றால், அந்தக் காலத்தில் பிள்ளை படிப்பதற்கான திட்டம் ஒன்றைக் கல்வி வாரியம் வழங்க வேண்டும். மேல்முறையீடு செய்ய விரும்பினால், இடைநீக்கம் தொடங்கியதிலிருந்து பத்துப் பள்ளி நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். திரும்பிச் சேரும்போது நடக்கும் சந்திப்புக்கு இருவரும் போங்கள். அவன் அடித்தது தவறு என்பதை ஒப்புக்கொண்டே, அவனை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதும் பதிவாக வேண்டும் என்று கேளுங்கள்.

பள்ளி தன் பிள்ளையை முதல் நாளிலேயே எடைபோட்டுவிட்டது என்று உங்கள் கணவர் சொல்வதை மிகை என்று ஒதுக்காதீர்கள். சோமாலிய மாணவர்களின் தேர்ச்சியைப் பற்றி டொராண்டோ மாவட்டக் கல்வி வாரியமே தனிக் குழு அமைத்து 2014இல் அறிக்கை வெளியிட்டது. அப்போது சோமாலியப் பெற்றோரிலேயே ஒரு சாரார் வரவேற்றார்கள். இன்னொரு சாரார், எங்கள் பிள்ளைகள்மீது முத்திரை குத்தாதீர்கள் என்று எதிர்த்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றியது. மகன் அடுத்த ஆண்டு எந்தப் பாடங்களை எடுக்கிறான், அவை பல்கலைக்கழகத்துக்கு வழிவிடுமா என்பதை ஆசிரியரிடம் நேரடியாகக் கேளுங்கள். மகளுக்கு இப்போதே ஒரு வழி இருக்கிறது: குறைந்தது இருபத்தைந்து தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர்களின் பெற்றோர் ஒரு மொழியைக் கேட்டால், வாரியம் அந்த மொழிக்கு வகுப்பு நடத்த வேண்டும். சோமாலிக்கும் கேட்கலாம், தமிழுக்கும் கேட்கலாம்.

உதவி கேட்பதைப் பற்றி

பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற உங்கள் அச்சம் வெறும் கற்பனை அல்ல. ஒன்டாரியோவில் சிறார் நல அமைப்புகளின் பராமரிப்பில் கறுப்பினப் பிள்ளைகள் விகிதத்துக்கு மீறி இருப்பதை மாகாண மனித உரிமை ஆணையமே 2018இல் எழுதியிருக்கிறது. ஆனால் பயணம் பற்றிப் பெற்றோருக்குள் கருத்து வேறுபாடு என்று ஆலோசனை கேட்பதால் யாரும் பிள்ளையைப் பிரிப்பதில்லை. மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுகிறது, அல்லது அந்த ஆபத்தில் இருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், என்னைப் போன்றவர்கள் அதைத் தெரிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். வழக்கறிஞரிடம் பேசுவதற்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. 211 என்ற எண்ணை அழைத்தால் சோமாலியிலும் தமிழிலும் பேசக்கூடிய சேவைகளைச் சொல்வார்கள். மகன் தனியாகப் பேச விரும்பினால், இளையோருக்கான தொலைபேசி ஆலோசனைச் சேவையான கிட்ஸ் ஹெல்ப் ஃபோன் இரவும் பகலும் இயங்குகிறது; அந்த எண்ணை அவனிடம் கொடுத்துவிட்டு, பேசினாயா என்று கேட்காதீர்கள்.

கணவரோடு பேசும்போது பண்பாட்டை விவாதிக்க வேண்டாம். அதில் நீங்கள் அந்நியராக்கப்படுவீர்கள். அவர் பத்து வயதில் கண்டதைப் பற்றிக் கேளுங்கள். பெரும்பாலான சோமாலியத் தந்தையர் பிள்ளைகளிடம் அதைச் சொல்வதே இல்லை, பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று. சொல்லாத இடத்தைப் பிள்ளைகள் வெறுமையாக எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் இன்னொன்றும் இல்லை: நைரோபி பற்றி மகனிடம் யாராவது கேட்டீர்களா என்பது. எந்த முடிவானாலும் அவன் உட்கார்ந்திருக்கும்போது எடுக்கப்படட்டும். தூங்கும் பிள்ளையின் பெட்டியைக் கட்டி, விடுமுறை என்று சொல்லி விமானம் ஏற்றிய வீடுகளை நான் அறிவேன். அந்தப் பிள்ளைகள் பிற்காலத்தில் எதை மறந்தாலும் அந்தப் பொய்யை மறக்கவில்லை.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த ஒரு வரி. “மாமி பதினேழு வயதில் ஒட்டகம் மேய்ப்பவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன் என்று பெருமை பேசுவார்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் பெருமைப் பேச்சு இல்லை. சோமாலி மொழிக்கு அரசின் எழுத்து முறை 1972இல்தான் வந்தது. 1974, 1975ஆம் ஆண்டுகளில் மேல்நிலைப் பள்ளிகளை மூடி, ஆயிரக்கணக்கான மாணவ மாணவியரை நாடோடிக் குடும்பங்களோடு தங்கி எழுதப் படிக்கக் கற்பிக்க அனுப்பினார்கள். உங்கள் வீட்டுப் பின்னறையில் இருப்பவர் அவர்களில் ஒருவர். அவருக்குக் கபய் என்னும் நெடுங்கவிதைகளும் மனப்பாடமாக இருக்கக்கூடும். முதலடியில் பிடித்த மோனையைக் கடைசி அடிவரை விடாத கவிதைகள் அவை, நம் புலவர்கள் கேட்டால் வியப்பார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மகனுடைய கைப்பேசியில் ஒலிப்பதிவை இயக்கி, அவனையும் அவரையும் தனியாக உட்கார வையுங்கள். எந்தப் பகுதிக்கு அனுப்பினார்கள், இரவில் எங்கே படுத்தார், முதல் நாள் என்ன எழுத்துச் சொல்லிக்கொடுத்தார், பலகை இல்லாத இடத்தில் எதில் எழுதினார்கள் என்று அவனே கேட்கட்டும். ஆங்கிலத்தில் கேட்டாலும் பரவாயில்லை. அவர் சோமாலியில் பதில் சொல்வார். அது அவனுக்குப் புரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.